கல் ஏற்றிப் போன வண்டி

வணக்கம் நேயர்களே. நான் கூட்ஸ் வண்டியில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவன். கடைசியில் ஒட்டிக்கொண்டு வருகிற பிரேக் வேனில் பச்சைக்கொடியும் சிவப்புக்கொடியுமாகத் தனியாக உட்கார்ந்திருப்பாரே, அவர்தான் கார்டு. அப்படிப்பட்ட ஆளைக் கூப்பிட்டுப் பேசச் சொன்னால் கூட்ஸ் வண்டியைப் பற்றித்தான் பேசுவான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு தடவை நிலக்கரி ஏற்றி வந்த வண்டி, 58 வேகன், ஒரு சின்ன ஸ்டேஷனில் லூப் லைனில், அதாவது மற்ற வண்டிக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கிற பக்கத்துத் தண்டவாளத்தில், போட்டுவிட்டார்கள். ஒரு எக்ஸ்பிரஸ் போக வேண்டும், அப்புறம் இன்னொரு எக்ஸ்பிரஸ், அதற்கப்புறம் ஒரு பாசஞ்சர். மூன்று மணி நேரம், சித்திரை வெயில். பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி கிட்டே வந்து, "ஏன்யா, வண்டி காலியாவா போவுது?" என்று கேட்டார். "காலியா? மூவாயிரம் டன்னுக்கு மேல கரி இருக்கு பாட்டி" என்றேன். "அது கெடக்கு, ஆளு யாரையும் காணோமே" என்றார்.

எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் நம் சரித்திரப் பாடமும் அந்தப் பாட்டி கணக்குத்தான். இந்தியாவின் முதல் ரயில் எது என்று எந்தப் பள்ளிப் பிள்ளையைக் கேட்டாலும் 1853, பம்பாயிலிருந்து தாணே என்று சொல்லும். அது ஆள் ஏறிய ரயில். சரக்கு ஏறிய ரயில் அதற்குப் 16 வருஷம் முன்னாலேயே, 1837-ல், நம் சென்னையில் ஓடியாயிற்று. ஆள் ஏறவில்லை, அதனால் கணக்கில் இல்லை.

எங்கே ஓடியது? செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைப் பாலம் வரை. ரெட் ஹில்ஸ் என்று கண்டக்டர் கூவுவாரே, அதே செங்குன்றம்தான். என்ன ஏற்றினார்கள்? கல். எதற்கு? பட்டணத்தில் ரோடு போடுவதற்கு! ரோடு போட ரயில் விட்டிருக்கிறார்கள், யோசித்துப் பாருங்கள்.

அதில் காரணம் இருக்கிறது. மழை பெய்த மண் பாதையில் கல் ஏற்றிய மாட்டு வண்டி என்ன பாடுபடும் என்று கிராமத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம், சக்கரம் புதையும், மாடு நுரை தள்ளும், இறங்கித் தோள் கொடுக்க வேண்டும். அதே சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் உருண்டால் அமுங்காது, உராய்வும் கொஞ்சம்தான், அதே மாடு பல மடங்கு பாரத்தை இழுத்துவிடும். ஏர்போர்ட்டில் தள்ளுவண்டியைத் தள்ளியிருப்பீர்கள். அதையே மெரினா மணலில் தள்ளிப் பாருங்கள், தெரியும். ஆக, ரயிலுக்கு முதலில் வேண்டியது எஞ்சின் இல்லை, தண்டவாளம். 1836-லேயே சிந்தாதிரிப்பேட்டைப் பாலத்துக்குப் பக்கத்தில் மாதிரிக்குக் கொஞ்சம் தண்டவாளம் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். அப்புறம் நீராவி எஞ்சினையும் ஓட்டிப் பார்த்தார்கள், அது வேறு கதை.

இதன் பின்னால் இருந்தவர் ஆர்தர் காட்டன் என்கிற ஆங்கிலேய இன்ஜினியர். ஆமாம், நம் முக்கொம்பு மேலணைக்காரர். கொள்ளிடத்தின் குறுக்கே அந்த அணை எழுந்ததும் ஏறக்குறைய அதே சமயம்தான். அப்போது அவருக்கு முப்பது வயசுக்குச் சற்று மேல், பட்டாளத்தில் கேப்டன். பிறகு கோதாவரிக்குப் போனார். ராஜமுந்திரிக்குப் பக்கத்தில் தவளேஸ்வரத்தில் அணை கட்டக் கல் வேண்டும், உடனே அங்கேயும் 1845 வாக்கில் கல் ஏற்ற ஒரு ரயில் போட்டுவிட்டார். மறுபடியும் கல், மறுபடியும் ஆள் இல்லாத ரயில்! வடக்கே ரூர்க்கி பக்கம் சோலானி ஆற்றின் மேல் கால்வாய்ப் பாலம் கட்ட 1851-ல் ஓடியதும் கட்டுமானச் சரக்கு வண்டிதான். தாணே ரயிலுக்கு முன்னால் ஓடியவை இவை.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் என்னவென்றால், இதே காட்டன்தான் பிற்காலத்தில் ரயிலுக்குப் பெரிய எதிரி. ரயிலில் கொட்டுகிற பணத்தைக் கால்வாயில் போடுங்கள், வயலுக்குத் தண்ணீரும் ஆச்சு, படகில் சரக்கும் மலிவாகப் போகும் என்று விடாமல் வாதாடினார். 1878-ல் லண்டனில் பாராளுமன்றக் குழு முன்னாலும் போய் அதையே சொன்னார். முப்பது வருஷம் கூட்ஸில் குப்பை கொட்டிய எனக்குக் கோபம் வர வேண்டும், இல்லையா? வரவில்லை. பாரம் எப்படி மலிவாகப் போகும் என்பதுதான் அவர் கவலை, கடைசிவரை அவர் கூட்ஸ்காரராகவே யோசித்தார் என்பேன். தண்ணீர் விஷயத்தில் அவர் சொன்னது சரிதானா என்று கோதாவரிக்காரர்களைக் கேளுங்கள், அங்கே ஊர் ஊராக அவருக்குச் சிலை இருக்கிறது. ரயிலை அவர் குறைத்து எடை போட்டுவிட்டார் என்றுதான் நான் நினைக்கிறேன்.

செங்குன்றம் பாதையின் சுவடு இன்றைக்கு இல்லை. சிந்தாதிரிப்பேட்டையில் பறக்கும் ரயிலுக்கு ஏறுகிறவர்களுக்கு... சரி சரி, கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கையைக் காட்டுகிறார்கள். ராயபுரம் ஸ்டேஷனைப் பற்றி விரிவாகச் சொல்வதாக இருந்தேன். 1856 ஜூலை 1, அங்கிருந்து வாலாஜா ரோட்டுக்கு, தெற்கே ஆள் ஏறிய முதல் வண்டி. கட்டடம் இன்னும் இருக்கிறது, சென்னை பீச் ஸ்டேஷனிலிருந்து கும்மிடிப்பூண்டி வண்டியில் ஏறினால் அடுத்த ஸ்டேஷன், ஒரு நாள் இறங்கிப் பாருங்கள். வணக்கம்.