அத்தி பூத்ததை அறிந்த குளவி

அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களுக்கும், வீட்டு அடுமனைப் பயிற்சியை இன்று நிறைவு செய்யும் சகோதரிகளுக்கும் வணக்கம்.

நான் தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். பிஸ்கட் சுடும் கலையில் உங்களுக்குச் சொல்லித்தர என்னிடம் எதுவும் இல்லை. நீங்கள் சுட்ட இந்தப் பழ பிஸ்கட்டில் எது எந்தப் பூச்சியின் உழைப்பு என்று பார்க்க மட்டும் சிறிது நேரம் கேட்கிறேன்.

இதன் எடையில் பாதிக்கு மேல் மைதாவும் சர்க்கரையும்தான். கோதுமை தன் பூவுக்குள்ளேயே மகரந்தச் சேர்க்கையை முடித்துக்கொள்ளும்; கரும்பையோ கரணை வெட்டி நடுகிறோம். இரண்டுக்கும் பூச்சியின் தயவு வேண்டியதில்லை. நூறு கிராம், ஐம்பது கிராம் என்று கணக்குப் பார்த்து வாங்குகிறீர்களே, அந்த அத்தி, ஏலக்காய், வனிலா ஆகியவற்றுக்கு வரும்போதுதான் கதை மாறுகிறது.

அரிதாக ஒன்று நடந்தால் ‘அத்தி பூத்தாற்போல’ என்கிறோம். உண்மையில் அத்தி தவறாமல் பூக்கிறது. நம் கண்ணுக்குத்தான் படுவதில்லை. நாம் காய் என்று நினைப்பது, உட்புறம் முழுதும் நூற்றுக்கணக்கான சிறு பூக்களை வைத்து மூடிய ஒரு பை. அதன் நுனியில் ஊசி நுழையுமளவு வாசல் ஒன்று உண்டு. துருக்கியிலிருந்து வரும் பெரிய உலர் அத்தி ஸ்மிர்னா வகையைச் சேர்ந்தது. அந்த மரத்தில் பெண் பூக்கள் மட்டுமே இருப்பதால், ஆண் பூக்களைக் கொண்ட காட்டத்தியிலிருந்து மகரந்தம் வந்தாக வேண்டும். அதைக் கொண்டுவருவது இரண்டு மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு குளவி. முட்டையிட இடம் தேடி அந்த வாசலில் நெருக்கியடித்து நுழையும்போதே அதன் இறக்கைகள் பிய்ந்துவிடுகின்றன. உள்ளே இருக்கும் பூக்களின் சூல்தண்டு, அதாவது சூலகத்தின் மேல் நிற்கும் குழல், குளவியின் முட்டையிடும் ஊசிக்கு எட்டாத நீளம் என்பதால் முட்டையிடவும் முடியாமல், பூக்களில் எல்லாம் மகரந்தத்தைப் பூசிவிட்டு அங்கேயே இறந்துபோகிறது.

அப்படியானால் அத்தி சைவமா என்று ஒரு முணுமுணுப்பு எழுவது எனக்குக் கேட்கிறது. அத்திப்பாலில் உள்ள நொதி குளவியின் உடலைக் கரைத்துவிடும். பல்லில் கடிபடுவது விதைதான். புனேப் பக்கம் விளையும் அத்தி குளவியே இல்லாமல் பழுப்பது. இதற்கு மேல் தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கலிபோர்னியாவில் ஸ்மிர்னா அத்தியை நட்டவர்கள், காட்டத்திக் காய்களை மரத்தில் தொங்கவிடும் துருக்கி விவசாயிகளின் வழக்கத்தை மூடநம்பிக்கை என்று தள்ளினார்கள். மரங்கள் செழித்தன, காய்கள் பழுக்காமல் உதிர்ந்தன. 1899-இல் அந்தக் குளவி அங்கே நிலைபெற்ற பிறகே மகசூல் கிடைத்தது. படித்தவன் என்ற முறையில் எனக்கும் சற்று வலிக்கும் செய்தி இது.

வனிலாவின் கதையும் இதற்கு நெருங்கியதே. மெக்சிகோவிலிருந்து வெளியே சென்ற கொடி எங்கும் படர்ந்து பூத்தது. காய் மட்டும் பிடிக்கவில்லை, ஏனெனில் அதன் பூச்சி உடன் வரவில்லை. 1841-இல் இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவில் எட்மண்ட் அல்பியுஸ் என்ற பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன், பூவுக்குள் ஆண் பகுதியையும் பெண் பகுதியையும் பிரிக்கும் மெல்லிய மடலை ஒரு குச்சியால் விலக்கி, கட்டைவிரலால் இரண்டையும் அழுத்திச் சேர்த்துக் காட்டினான். இன்றும் தோட்டங்களில் அதே கை வேலைதான். பூ ஒரு காலைப் பொழுது மட்டுமே விரிந்திருப்பதால், வேலையாட்கள் தினந்தோறும் கொடி கொடியாகத் தேடிப் போக வேண்டும். வனிலாக் காயின் விலையில் இந்தக் கூலிக்குப் பெரும் பங்கு உண்டு. தீவுக்கே செல்வம் சேர்த்த அல்பியுஸ் 1880-இல் வறுமையில் இறந்தார். உங்கள் அலமாரியில் இருக்கும் மலிவான எசென்ஸ் பெரும்பாலும் ஆலையில் செய்தது. அது பூவையே பார்த்ததில்லை.

கடைசியாக, நம் மலையில் விளையும் ஏலக்காய். ஏலச்செடியின் பூங்கொத்து இலைகளுக்கு நடுவிலிருந்து வருவதில்லை. தூரிலிருந்து கிளம்புகிறது; சில வகைகளில் தரையோடு தரையாகப் படர்கிறது. குனிந்து பார்த்தால் வெள்ளைப் பூவின் அகன்ற இதழில் ஊதாக் கோடுகள் உட்புறம் நோக்கி ஓடுவது தெரியும். அந்த இதழில் இறங்கும் தேனீ, தேனுக்காகத் தலையை நுழைக்கையில் அதன் முதுகில் மகரந்தம் ஒட்டிக்கொள்கிறது. விடியற்காலையில் விரியும் பூவுக்கு ஆயுள் ஒரே நாள். அந்த ஒரு நாளில் தேனீ வராவிட்டால் பூ உதிர்ந்துவிடும். ஆகவேதான் பூக்கும் பருவத்தில் காலை வேளையில் மருந்து அடிக்காதீர்கள், பிற்பகலுக்குத் தள்ளிப்போடுங்கள் என்று வேளாண் துறையினர் ஏலத்தோட்டக்காரர்களிடம் சொல்கிறார்கள். சில தோட்டங்களில் செடிகளுக்கு இடையே தேனீப் பெட்டிகளையும் வைக்கிறார்கள். நீங்கள் இடித்துப் போட்ட இரண்டு ஏலக்காயும் அப்படி ஒரு காலையில் பிடித்தவை.