நடுக்குளிரில் வெயில் காய எந்தக் கரைக்குப் போகலாம்?

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

குளிர்காலத்தின் நடுவில் ஒரு வாரம், பத்து நாள் எங்காவது வெயிலுக்குப் போய்விட்டு வரலாம் என்று யோசிப்பவர்களிடம் பேசத்தான் என்னை அழைத்திருக்கிறார்கள். நான் பயண முகவர் அல்ல, வானிலை படித்தவளும் அல்ல. குளிர்நாட்டில் இருபது வருடத்துக்கு மேல் இருந்து, ஒவ்வொரு டிசம்பரிலும் வீட்டுக்காகவும் தெரிந்தவர்களுக்காகவும் இடம் தேடித் தேடிப் பழகியவள், அவ்வளவுதான். காலையில் வேலைக்குக் கிளம்பும்போதும் இருட்டு, மாலையில் திரும்பும்போதும் இருட்டு என்று இருப்பவர்களுக்கு இந்தப் பயணம் ஆடம்பரமாகத் தெரியாது. டிசம்பர் 21-ஐ ஒட்டி லண்டனில் பகல் எட்டு மணி நேரம்கூட இல்லை, ஆஸ்லோவில் ஆறு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது.

முதலில் நான் தவறாகத் தேர்ந்தெடுத்த கதையைச் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் டிசம்பர் கடைசி வாரத்தில் அம்மாவை அழைத்துக்கொண்டு மத்தியதரைக் கடலில் ஒரு தீவுக்குப் போனேன். பதிவு செய்து கொடுத்தவர் "அங்கே வருடம் முழுக்க வெயில்தான்" என்றார், படங்களிலும் நீல வானம், நீலக் கடல், நான் வேறு எதையும் பார்க்கவில்லை. போய் இறங்கினால் ஏழு நாளில் நான்கு நாள் மழை. கோடைக்காகக் கட்டிய அறை, தரை முழுக்கப் பளிங்கு, சூடாக்க ஒரு சின்ன மின்கருவி, நீச்சல்குளத்துத் தண்ணீரில் விரலை வைக்க முடியவில்லை, கடற்கரையில் பாதிக் கடைகள் சீசன் முடிந்து மூடிக் கிடந்தன. அம்மா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஆனால் ஊரில் போட்டிருந்த அதே கம்பளிக் கோட்டோடுதான் ஏழு நாளும் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருந்தார், அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். மத்தியதரைக் கடல் நாடுகளுக்கு மழைக்காலமே குளிர்காலம்தான், கோடையில் காய்ந்து கிடக்கும், மழையெல்லாம் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை. மால்டாவிலும் சைப்ரஸிலும் ஜனவரிப் பகல் 16, 17 டிகிரிதான். அந்தத் தீவின் மேல் எந்தக் குற்றமும் இல்லை, மே மாதத்தில் போயிருந்தால் கொண்டாடியிருப்போம். ஆக, ஒரு இடம் வெயிலான இடமா என்ற கேள்விக்கே பதில் கிடையாது. இந்த மாதத்தில், இந்தக் கரையில் வெயில் இருக்குமா என்று கேட்டால்தான் பதில் கிடைக்கும்.

அந்தப் பதிலைத் தேட ஒரு எளிய கணக்கு இருக்கிறது, தாளில் எழுதிப் பார்க்கலாம். பூமியின் வட பாதியில் ஒரு இடத்தின் அட்சரேகையை 90-லிருந்து கழியுங்கள், அதிலிருந்து இன்னும் ஒரு 23 ½-ஐக் கழியுங்கள். மிச்சம் வருவது, டிசம்பர் 21 வாக்கில் நண்பகலில் சூரியன் தொடுவானத்திலிருந்து எவ்வளவு உயரம் ஏறும் என்பது. லண்டனுக்குப் போட்டால் 15 டிகிரி வரும், அதாவது உச்சிப் பொழுதிலேயே உங்கள் நிழல் உங்கள் உயரத்தைப் போல மூன்றரை மடங்குக்கு மேல் நீளும். தெற்கு ஸ்பெயினில் மாலகாவுக்கு 30. கானரி தீவுகள் 28-வது அட்சரேகையை ஒட்டி இருப்பதால் 38 ½. கரீபியனில் பார்படோஸுக்கு 53-க்கு மேல், அங்கே நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாகிவிடும். சூரியன் உயர உயரத்தான் வெயிலில் காரம் ஏறும், பகலும் நீளும். என் வழக்கம் இது: டிசம்பர், ஜனவரிக்கு வடக்கே 30-வது அட்சரேகைக்கு மேலே இருக்கும் எந்த இடத்தையும் வெயிலுக்காக நான் யோசிப்பதில்லை. மலைப்பாதைகளில் நடக்க ஆசைப்படுபவர்களுக்கு மட்டும் மதெய்ரா தீவைச் சொல்வேன், அது கொஞ்சம் மேலே இருந்தாலும் தெற்குக் கரையில் ஃபுன்சால் பக்கம் பகல் 19, 20 டிகிரி இருக்கும், நடப்பதற்கு அதுவே போதும்.

சரி, அட்சரேகை பார்த்தாயிற்று. அடுத்ததுதான் பெரும்பாலோர் தவற விடும் விஷயம், அதே தீவில் எந்தக் கரை. கானரி தீவுகளில் தெனெரிஃபை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவே 3,715 மீட்டர் உயரத்துக்கு தெய்தே எரிமலை நிற்கிறது. வடகிழக்கிலிருந்து வியாபாரக் காற்று கடலின் ஈரத்தைச் சுமந்து வந்து மலையில் மோதி ஏறுகிறது, ஏறும்போது குளிர்ந்து மேகமாகி வடக்குச் சரிவிலேயே தங்கிவிடுகிறது. அதனால் வடக்கே புவெர்த்தோ தெ லா குரூஸில் வானம் மூடிக் கிடக்கும் அதே நேரத்தில், தெற்கே லோஸ் கிறிஸ்தியானோஸில் ஜனங்கள் வெயில் காய்ந்துகொண்டிருப்பார்கள். பள்ளிப் பாடத்தில் மழை மறைவுப் பிரதேசம் என்று படித்தோமே, அதேதான். பக்கத்துத் தீவான கிரான் கனாரியாவிலும் இதே கதை, தலைநகர் இருக்கும் வடகிழக்கைவிடத் தெற்கு முனை மஸ்பலோமாஸில் வெயில் அதிகம். ஹவாயின் பெரிய தீவில் கிழக்குக் கரை ஹிலோவில் வருடத்துக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை, மேற்கே கோனா கரையில் அதில் ஒரு சிறு பங்குதான். கானரித் தீவுகளில் வடக்கு பச்சைப் பசேல் என்று அழகாக இருக்கிறதே என்று சிலர் அங்கேயே அறை எடுத்துவிடுகிறார்கள். அந்தப் பச்சை எங்கிருந்து வந்தது என்று ஒரு நிமிடம் யோசித்தால் போதும்.

பருவக்காற்று நாடுகளில் இது இன்னும் கூர்மை. இலங்கையில் டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவமழை திருகோணமலை, மட்டக்களப்புப் பக்கம் கொட்டும், அந்த நாட்களில் தெற்கே காலி, மிரிஸ்ஸ கரையோரம் வெயிலடிக்கும். மே மாதத்துக்குப் பிறகு அப்படியே மாறிவிடும். தாய்லாந்தில் மேற்குக் கரையில் புக்கெட், கிராபி எல்லாம் டிசம்பரில் தெளிந்துவிடும், கிழக்குப் பக்கம் சமுய் தீவில் நவம்பர்தான் மழையின் உச்சம், அதன் வால் டிசம்பரிலும் நீளும். நம் கடலோடிகள் காற்று வரும் திசைக்கு ஒரு பெயர் வைத்து வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று சொன்னார்களே, அவர்களுக்கு எந்தக் காற்று எப்போது எந்தக் கரைக்கு மழை கொண்டு வரும் என்பது தெரிந்திருந்தது. அந்த ஒரு கேள்வியைத்தான் நாமும் கேட்க வேண்டும், இந்த மாதத்தில் காற்று எந்தப் பக்கமிருந்து, நான் இருக்கப் போவது மலைக்கு எந்தப் பக்கம்?

மழையே வேண்டாம் என்பவர்களுக்கு எகிப்தின் செங்கடல் கரை இருக்கிறது. ஹுர்கடாவிலும் ஷார்ம் அல் ஷேக்கிலும் மழை என்பதே அபூர்வம். ஜனவரிப் பகல் 22 டிகிரியைத் தொடும், பவளப்பாறை பார்க்கக் கடலில் இறங்கலாம். ஆனால் அது பாலைவனம் என்பதை மறக்க வேண்டாம், பொழுது சாய்ந்தால் சட்டென்று குளிரும், காற்றும் பலமாக வீசும், மாலைக்கு ஒரு ஸ்வெட்டர் அவசியம். ஐரோப்பாவிலிருந்து போகிறவர்களுக்குப் பெரிய நேர வித்தியாசம் இல்லாமல் நல்ல சூடு வேண்டுமென்றால் மேற்கு ஆப்பிரிக்காவில் காம்பியா, நவம்பரிலிருந்து மே வரை மழை கிட்டத்தட்டக் கிடையாது, பகல் 30-ஐத் தாண்டும். அங்கே மலேரியா உண்டு, கிளம்புவதற்குச் சில வாரங்கள் முன்பே மருத்துவரிடம் போய் மாத்திரை பற்றிக் கேட்டுவிடுங்கள்.

கரீபியன் தூரம்தான், ஆனால் காலம் கச்சிதமாகப் பொருந்தும். அட்லாண்டிக் சூறாவளிப் பருவம் நவம்பர் 30-ஓடு முடிகிறது, பிறகு ஏப்ரல் வரை உலர்ந்த மாதங்கள். பார்படோஸில் மேற்குக் கரையில் கடல் அடங்கி இருக்கும், கிழக்கே அட்லாண்டிக்கின் முரட்டு அலை, அங்கே குளிப்பது ஆபத்து. வடக்கே வர வர ஒரு சிக்கல் உண்டு. ஃபுளோரிடாவுக்கும் கியூபாவின் வடகரைக்கும் குளிர்காலத்தில் வட அமெரிக்காவிலிருந்து குளிர்காற்று இறங்கும், நேற்று 26 டிகிரி இருந்த இடத்தில் இன்று காலை ஜாக்கெட் தேட வேண்டியிருக்கும். ஓரிரு நாளில் சரியாகிவிடும் என்றாலும் நமக்கு இருப்பதே ஏழு நாள் இல்லையா?

பூமியின் தென்பாதிக்குப் போனால் அங்கே கோடை. கேப்டவுனில் டிசம்பரில் பகல் 14 மணி நேரத்துக்கும் மேல், ஐரோப்பாவோடு பெரிய நேர வித்தியாசமும் இல்லை. கடலில் நீந்த மட்டும் அங்கே போகாதீர்கள், ஆழத்துக் குளிர்நீரை மேலே கொண்டு வரும் பெங்குவேலா நீரோட்டத்தால் அட்லாண்டிக் பக்கத்துத் தண்ணீர் நடுக்கோடையிலும் சில்லென்று கடிக்கும். பாலிக்கு அது மழைக்காலம், மொரீஷியஸுக்குப் புயல் மாதங்கள், அவற்றை வேறு சமயத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

இப்போது எண்களைப் படிப்பது பற்றி. "சராசரி 18 டிகிரி" என்று போட்டிருந்தால் பகலும் இரவும் சேர்ந்த சராசரியா என்று பாருங்கள், பகல் 22-ஆகவும் இரவு 14-ஆகவும் இருக்கலாம். நமக்கு வேண்டியது பகலின் உச்சம், இரவின் தாழ்வு, மழை நாட்கள், வெயில் மணி நேரம், இவை தனித்தனியாக. கடல் நீரின் சூட்டையும் தனியே பாருங்கள். கடல் மெதுவாகச் சூடாகும், மெதுவாகத்தான் ஆறும், அதனால் கானரி தீவுகளில் கடல் டிசம்பரில் 20 டிகிரியை ஒட்டி இருந்து பிப்ரவரி, மார்ச்சில்தான் இன்னும் இறங்குகிறது. வெயில் மார்ச்சில் நல்லது, குளிக்க டிசம்பரே மேல்.

அறையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், இதை யாரும் சொல்ல மாட்டார்கள். வடபாதியில் குளிர்காலச் சூரியன் தெற்குப் பக்கமாகத் தாழ்வாகவே நகரும். வடக்குப் பார்த்த பால்கனிக்கு நாள் முழுக்க ஒரு கீற்று வெயில்கூட விழாது. ஐந்து மாடிக் கட்டடத்துக்கு வடக்கே நீச்சல்குளம் இருந்தால் கானரியில்கூட நடுப்பகலில் அதன் மேல் நிழல்தான். பதிவு செய்யும் முன் வரைபடத்தில் திசையைப் பாருங்கள், தெற்கோ தென்மேற்கோ பார்த்த அறை வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள், குளத்தைச் சூடாக்குகிறார்களா, அறையில் ஹீட்டர் உண்டா என்பதையும் அப்படியே கேட்டுவிடுங்கள்.

யார் போகிறார்கள் என்பதும் இடத்தை மாற்றும். வயதானவர்களுக்கும் கைக்குழந்தைக்கும் ஈரம் பிசுபிசுக்கும் 32 டிகிரியைவிட உலர்ந்த 22 இதமாக இருக்கும். நேர வித்தியாசத்துக்கு உடம்பு நாளுக்குச் சுமார் ஒரு மணி நேரம் வீதம்தான் பழகும், ஏழு மணி நேர வித்தியாசம் உள்ள இடத்துக்கு ஏழு நாள் போனால் பழகிய அன்று திரும்ப வேண்டியதுதான். அப்படிப்பட்ட இடத்துக்கு இரண்டு வாரமாவது இல்லாமல் நான் யாரையும் அனுப்ப மாட்டேன்.

நம் நிறத்துக்கு வெயில் ஒன்றும் செய்யாது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். செய்யும். புற ஊதாக் கதிர் குறியீடு 3 ஆனாலே பாதுகாப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம், நிலநடுக்கோட்டுப் பக்கம் ஜனவரி நண்பகலில் அது 10-ஐத் தாண்டும். மாதக்கணக்கில் கோட்டுக்குள் இருந்த தோலுக்கு முதல் இரண்டு நாள் காலையும் மாலையும் போதும், உச்சிப் பொழுதில் நிழல்.

1984-இல் நார்மன் ரோசன்தால் என்ற மருத்துவரும் உடன் பணியாற்றியவர்களும் குளிர்காலத்தில் மட்டும் வரும் மனச்சோர்வை ஒரு நோயாக விவரித்தார்கள், அதில் வெளிச்சத்துக்குப் பெரிய பங்கு இருப்பதையும் காட்டினார்கள். வீட்டு விளக்கு தருவது சில நூறு லக்ஸ் வெளிச்சம், வெயிலடிக்கும் திறந்த வெளியில் அது பல்லாயிரம். அதனால்தான் வெப்பமானி எண்ணை மட்டும் துரத்த வேண்டாம் என்கிறேன், தெளிந்த வானத்தோடு 21 டிகிரி கிடைத்தால் மேகத்தோடு கூடிய 28-ஐ விட்டுவிடலாம்.

அடுத்த வருடம் அம்மாவை மறுபடி கூட்டிப் போனேன். கிறிஸ்துமஸ் கூட்டம் கலைந்து ஜனவரி இரண்டாம் வாரம், ஒரு தீவின் தெற்குக் கரை, தெற்குப் பார்த்த பால்கனி. முதல் நாள் கோட்டோடுதான் உட்கார்ந்தார். இரண்டாம் நாள் காலை பத்து மணிக்குத் தேநீரோடு போனால், கோட்டும் ஸ்வெட்டரும் நாற்காலி முதுகில் தொங்குகின்றன, அம்மா கண்ணை மூடிக்கொண்டு முழங்கையை வெயிலில் நீட்டி வைத்திருக்கிறார். "வெளிச்சம் கண்ணுக்குள்ளே சிவப்பாத் தெரியுதுடி" என்றார்.

திரும்பி வரும் நாளுக்கு ஒன்று. கோட்டையும் கையுறையையும் பெரிய பெட்டியின் அடியில் போட்டுவிடாதீர்கள், கையோடு எடுத்துப் போகும் பையிலேயே வையுங்கள், இறங்கும்போது இங்கே இருட்டியிருக்கும். நன்றி, வணக்கம்.