பாடன்கட்டின் பாடகர்கள்

நண்பர்களே, ஓவியம் பயிலும் தம்பி தங்கைகளே,

கதையும் ஊரும் ஒரு கலைஞரை எப்படி உருவாக்குகின்றன என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். பொத்தாம்பொதுவாகப் பேசினால் எல்லாரும் தலையாட்டிவிட்டுக் கலைந்துவிடுவோம். அதனால் ஒரே ஒரு ஊரை எடுத்துக்கொள்கிறேன். மத்தியப் பிரதேசத்தின் திண்டோரி மாவட்டத்தில் இருக்கும் பாடன்கட். சின்ன கிராமம்தான். ஆனால் கோண்டு ஓவியம் என்று இன்று உலகமே அறிந்த கலையின் பெரிய பெயர்களில் பலவும் அந்த ஊரோடு உறவுடையவை.

அங்கே வாழ்பவர்களில் பலர் பர்தான்கள். கோண்டு என்ற பழங்குடி மக்களுக்குள்ளேயே பாட்டும் கதையும் தொழிலாகக் கொண்ட பிரிவு. நம் சங்கப் பாணர்களை நினைத்துக்கொள்ளுங்கள். பானா என்ற நரம்பிசைக் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு, தங்களை ஆதரிக்கும் கோண்டுக் குடும்பங்களின் வீடுகளுக்குப் போவார்கள். அந்தக் குடும்பத்தின் வம்சாவளி, கோண்டு ராஜாக்களின் கதை, தெய்வங்களின் கதை எல்லாவற்றையும் பாடுவார்கள். தானியமும் துணியும் மாடும் பரிசாகக் கிடைக்கும்.

இந்த வழக்கத்துக்கே ஒரு கதை உண்டு. பெரிய தெய்வமான படா தேவ் கோபித்துக்கொண்டு சாஜா மரத்துக்குள் போய்விட்டாராம். சாஜா என்பது நம் கருமருது. ஏழு சகோதரர்களில் கடைசித் தம்பி ஒரு பானா செய்து, அந்த மரத்தடியில் உட்கார்ந்து வாசித்தான். தெய்வம் மனம் இறங்கியது. அன்றிலிருந்து அண்ணன்மார் நிலத்தை உழ, தம்பி பாட, தம்பிக்கு அண்ணன்மார் படியளக்க வேண்டும் என்று ஆனது. அந்தத் தம்பியின் வழி வந்தவர்களே பர்தான்கள். தெய்வம் குடியிருப்பதும் அந்த மண்ணின் மரத்தில், கலை பிறந்ததும் அதே மரத்தடியில். ஊரும் கதையும் அங்கே தனித்தனி இல்லை.

சரி, அண்ணன்மாரே வறுமைப்பட்டுப் போனால்? அதுதான் நடந்தது. ஆதரிப்பவர் குறைந்தார்கள், பாட்டுக்குக் கூலி குறைந்தது. பாடகர் வீட்டுப் பிள்ளைகள் கூலி வேலைக்குப் போனார்கள். ஜங்கட் சிங் ஷ்யாம் என்ற பையனும் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு எருமை மேய்த்தவர்தான்.

1980களின் தொடக்கத்தில் போபாலில் பாரத் பவன் என்ற கலை மையம் உருவாகிக்கொண்டிருந்தது. அதன் ரூபங்கர் அருங்காட்சியகத்தை அமைத்தவர் ஜெ. சுவாமிநாதன். சிம்லாவில் பிறந்த தமிழர், தானும் ஓவியர். நகரத்து நவீன ஓவியமும் பழங்குடிக் கலையும் ஒரே கூரையின் கீழ், ஒரே மதிப்போடு இருக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். அந்தப் பிடிவாதத்துக்கு நாம் நிறையக் கடன்பட்டிருக்கிறோம். அவர் அனுப்பிய குழு கிராமம் கிராமமாகச் சுற்றியபோது, பாடன்கட்டில் ஒரு சுவரில் இருந்த படத்தைப் பார்த்து நின்றது. வரைந்தவர் ஜங்கட். போபாலுக்கு அழைத்து வந்து காகிதமும் வண்ணமும் கொடுத்தார்கள்.

இங்கே கொஞ்சம் நின்று யோசியுங்கள். பர்தான்கள் தங்கள் தெய்வங்களை உருவமாக வரைந்தவர்கள் இல்லை. பெண்கள் வீட்டுச் சுவரிலும் தரையிலும் திக்னா என்ற கோலம் போடுவார்கள், மண்ணால் புடைப்பு உருவங்கள் செய்வார்கள். தெய்வங்களோ பாட்டில் மட்டுமே இருந்தன. ஆக, படா தேவின் உருவத்தை வரைய உட்கார்ந்த ஜங்கட்டுக்குப் பார்த்து வரைய எதுவும் கிடையாது. கேட்ட பாட்டு மட்டும்தான். காதில் இருந்ததை அவர் கண்ணுக்குக் கொண்டுவந்தார். அவர் உருவங்களுக்குள் நிரம்பி வழியும் புள்ளிகளைப் பானாவின் தாளம் என்றே சிலர் சொல்வார்கள். எனக்கு அது மிகையாகத் தெரியவில்லை. 1989இல் பாரிஸில் நடந்த பெரிய கண்காட்சியில் அவர் படங்கள் இருந்தன. அப்புறம் உறவுக்காரப் பிள்ளைகளை ஒவ்வொருவராகப் போபாலுக்கு அழைத்தார். அந்தப் பாணிக்கு ‘ஜங்கட் கலம்’ என்றே பெயர் விழுந்துவிட்டது. கலம் என்றால் இங்கே எழுதுகோல்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் பஜ்ஜு ஷ்யாம். போபாலில் இரவுக் காவலாளியாக இருந்தவர். பின்னாளில் லண்டனில் ஓர் இந்திய உணவகத்தின் சுவரில் படம் தீட்டப் போனார். அந்த அனுபவத்தை அவர் வரைந்த புத்தகத்தை நம் சென்னையின் தாரா பதிப்பகம் 2004இல் வெளியிட்டது. கிடைத்தால் அவசியம் பாருங்கள்.

அதில் லண்டனின் பிக் பென் கடிகாரமும் ஒரு சேவலும் ஒன்றாகியிருக்கும். பாடன்கட்டில் நேரம் சொல்வது சேவல்தானே! சுரங்க ரயில் மண்புழுவாக இருக்கும். வேடிக்கைக்காக வரைந்தது இல்லை அது. கோண்டுகளின் படைப்புக் கதையில் மண்ணைக் கொண்டுவந்ததில் மண்புழுவுக்குப் பங்கு உண்டு, பூமிக்கு அடியில் இருப்பது அதன் உலகம். சாயங்காலம் ஆனதும் மதுக்கடைகளை நோக்கிக் கிளம்பும் ஆங்கிலேயர்களை வௌவால்களாக வரைந்திருக்கிறார். நடுவில் மரம், மகுவா. நம் இலுப்பை. அதன் பூவிலிருந்துதான் அங்கே சாராயம் காய்ச்சுவார்கள், அந்தப் பூவைத் தேடித்தான் இரவில் வௌவாலும் வரும். ஒரே படத்தில் மரம், மது, இரவு, மனிதர் எல்லாம் பொருந்திவிட்டன பாருங்கள். பிரிட்டிஷ் அதிகாரிகளும் ஆய்வாளர்களும் நூறு ஆண்டுகளுக்கு மேல் பழங்குடிகளைப் பார்த்து எழுதினார்கள். இந்த மனிதர் லண்டனுக்குப் போய், தன் ஊர்க் கதையை வைத்து அவர்களைப் பார்த்து வரைந்தார்.

கோண்டு ஓவியர்களான துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் தம்பதி 2011இல் அம்பேத்கரின் வாழ்க்கையைச் சித்திரக்கதையாக வரைந்தார்கள். பெட்டி பெட்டியாகக் கட்டம் போட்டு மனிதர்களை அடைக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். பக்கங்களைத் திக்னா வளைவுகள் பிரிக்கும். தீண்டாமை பேசும் வாய்ச்சொல்லுக்குத் தேள் கொடுக்கு வால், அன்பான சொல்லுக்குப் பறவையின் உருவம். மகாராஷ்டிரத்து வரலாறுதான். இருந்தாலும் அது நம்மை உறுத்துவது அந்தத் தேளால்தான். தேள் எங்கே கொட்டும் என்று தெரிந்தவர்கள் வரைந்தது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஜங்கட் 2001இல் ஜப்பானில் ஓர் அருங்காட்சியகத்துக்கு வரையப் போயிருந்தபோது தன் உயிரை மாய்த்துக்கொண்டார். நாற்பதை ஒட்டிய வயது. ‘மண்ணின் கலைஞன்’ என்று மேடையில் புகழ்கிறோம், அந்த மனிதனை மண்ணிலிருந்து பெயர்த்து எங்கெங்கோ கொண்டுபோய் வைக்கிறோம். அங்கே அவனோடு அவன் மொழியில் பேச யார் இருக்கிறார்கள், வீட்டுக்கு எப்போது திரும்பலாம் என்பதையெல்லாம் ஏற்பாடு செய்பவர்கள் கேட்டே ஆக வேண்டும். கலையை நேசிப்பதாகச் சொல்லும் நாமும் கேட்க வேண்டும்.

இன்று மான், மயில், மரம் போட்ட கோண்டுப் படங்கள் பையிலும் கைப்பேசி உறையிலும் வருகின்றன. புள்ளியும் கோடும் சுத்தமாக இருக்கின்றன. அந்த மானுக்குப் பின்னால் கதை இருக்கிறதா என்றால், பலவற்றில் இல்லை. வயிற்றுப்பாட்டுக்கு வரைபவரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நீங்கள் அந்தப் புள்ளிகளை இணையத்தில் பார்த்து நகல் எடுத்துப் பழகினால், உங்களுக்குக் கிடைப்பது நிரப்பும் வேலை மட்டும்தான்.

‘எனக்குக் கிராமமே இல்லை, அடுக்குமாடிக் குடியிருப்பில் பிறந்தேன்’ என்று உங்களில் சிலர் நினைப்பது புரிகிறது. ஜங்கட்டின் பிள்ளைகளும் நகரத்தில் வளர்ந்தவர்கள்தான், அவர்களும் வரைகிறார்கள். உங்கள் குடியிருப்பின் காவலாளி எந்த ஊரிலிருந்து வந்தார், அந்த இடத்தில் முன்பு ஏரி இருந்ததா, பாட்டி ஏன் இன்னமும் மொட்டை மாடியில் வடகம் போடுகிறாள், இதையெல்லாம் கேட்டிருக்கிறீர்களா? கேட்டுவிட்டு அப்புறம் தூரிகையை எடுங்கள். போபால் போக வாய்த்தால் பாரத் பவனில் ஜங்கட்டின் படங்களுக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். அங்கே கோண்டு ஓவியர்கள் யாரையாவது சந்தித்தால், இந்தப் படத்தின் கதை என்ன என்று கேளுங்கள். விலையை அதற்கப்புறம் கேட்கலாம்.