கூண்டில் கழியும் நேரம் யார் கணக்கு?

நண்பர்களே, வணக்கம்.

ஜெர்மனியின் ரூர் பகுதி. எஸ்ஸன், போகும், டோர்ட்முண்ட், கெல்சன்கிர்ஷன் என்று ஊரோடு ஊர் ஒட்டிக் கிடக்கும் கரிநாடு. 1893 வாக்கில் அங்கே பிறந்த ஒரு சுரங்கத் தொழிலாளியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம். லட்சக்கணக்கானோர் நடந்த பாதைதான் அவருடையதும். அந்த வாழ்க்கையை இரண்டு கணக்குகளை வைத்துச் சொல்லப் பார்க்கிறேன். ஒன்று நேரக் கணக்கு, மற்றது வண்டிக் கணக்கு. பேரரசர் போய்க் குடியரசு வந்ததும், குடியரசு போய் ஹிட்லர் வந்ததும் இந்த இரண்டிலும் தெரியும்.

பதினான்கு வயதில் பள்ளி முடியும். முதல் வேலை மேலே, ஓடும் பட்டையில் கரியோடு வரும் கல்லைப் பொறுக்குவது. பதினாறுக்குப் பிறகு கீழே இறங்கலாம். குதிரை ஓட்டுவான், பிறகு வண்டி தள்ளுவான், அப்புறம் வெட்டுக்காரரோடு பயிற்சி. இருபத்து நான்கு, இருபத்தைந்து வயதில்தான் முழு வெட்டுக்காரன். ஜெர்மனில் ஹாவர் என்பார்கள்.

கூலி நாளுக்கு இவ்வளவு என்று இல்லை. 'கெடிங்கே' என்ற ஒப்பந்த முறை. ஒரு வெட்டுமுகத்தில், அதாவது கரியை வெட்டியெடுக்கும் இடத்தில், வேலை செய்யும் குழுவும் ஷ்டைகர் என்ற மேற்பார்வையாளரும் அங்கேயே நின்று, ஒரு வண்டிக் கரிக்கு இவ்வளவு என்று பேசி முடிப்பார்கள். கரி அடுக்கு எத்தனை கனம், கூரைப் பாறை உறுதியா, நீர் ஒழுகுகிறதா, எல்லாம் பேரத்தில் வரும். அடுக்கு ஒரு மீட்டருக்குக் குறைவாக இருந்தால் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டுதான் வெட்ட வேண்டும். நிரம்பிய வண்டியில் குழுவின் எண் பொறித்த வில்லையை மாட்டி மேலே அனுப்புவார்கள்.

மேலே என்ன நடந்தது? கல் கலந்திருக்கிறது, வண்டி நிரம்பவில்லை என்று சொல்லி அந்த வண்டியையே பூஜ்யமாக்கினார்கள். கரி கம்பெனிக்கு, கூலி யாருக்கும் இல்லை. விளக்கு வெளிச்சத்தில் வெட்டியவனுக்குச் சிறு கல் எப்படிக் கண்ணில் படும்? இந்தத் திருட்டுதான் 1905 போராட்டத்தின் ஒரு வேர்.

இன்னொரு வேர் நேரம். ஆயிரம் பேர் இறங்க வேண்டும், ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கி ஏற்றும் கூண்டில் ஒரு நடைக்கு ஐம்பது பேர் என்று வைத்துக்கொண்டால் இருபது நடை. நடைக்கு மூன்று நிமிடம் என்றாலும் ஒரு மணி நேரம் போய்விடும். ஏறுவதற்கும் அதே கதை. அந்த நேரம் வேலை நேரத்தில் சேருமா, சேராதா? 1889 மே மாதத்தில் சுமார் 90,000 பேர் வேலைநிறுத்தம் செய்து, மூன்று பிரதிநிதிகளை இரண்டாம் வில்ஹெல்ம் பேரரசரிடமே அனுப்பினார்கள். எட்டு மணி நேர ஷிப்ட், அதில் ஏறி இறங்கும் நேரமும் அடக்கம் என்பதே கோரிக்கை. 1905 ஜனவரியில் போகும் அருகே ப்ரூக்ஷ்ட்ராஸெ சுரங்கத்தில் நிர்வாகம் இந்தக் கூண்டு நேரத்தை நீட்டியது. அங்கே பற்றிய தீ ரூர் முழுக்கப் பரவி, சுமார் 2 லட்சம் பேர் வேலையை நிறுத்தினார்கள். அந்த ஆண்டே பிரஷ்யச் சட்டம் திருத்தப்பட்டது. வண்டியைப் பூஜ்யமாக்குவது தடைசெய்யப்பட்டது. தொழிலாளர் குழுக்கள் வந்தன. முதலாளியின் எண்ணிக்கையை எதிரே நின்று சரிபார்க்கும் கண் ஒன்று கிடைத்தது.

முட்டுக்கட்டை, அதாவது கூரைப் பாறை விழாமல் தாங்க நிறுத்தும் மரத்தூண், பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சுரங்கச் சாவு என்றால் நமக்கு வெடிப்புதான் நினைவுக்கு வரும். 1908 நவம்பரில் ஹாம் அருகே ராட்போட் சுரங்கத்தில் சுமார் 350 பேர் ஒரே நாளில் மாண்டார்கள். மீத்தேன் காற்றில் ஐந்து சதவீதத்திலிருந்து பதினைந்துக்குள் இருந்தால் வெடிக்கும். விளக்கின் சுடர்மேல் நீலத் தொப்பி போல ஒளி தெரிந்தால் வாயு இருக்கிறது என்று அர்த்தம். வாயு வெடிப்பு கரித்தூளைக் கிளப்பி எரித்தால் சேதம் பல மடங்கு. ஆனால் ரூரில் அதிகம் பேரைக் கொன்றது வெடிப்பு அல்ல. ஒன்றிரண்டு பேராக, செய்தித்தாளில்கூட வராமல், கூரைக் கல்லும் கரியும் விழுந்து செத்தவர்களே அதிகம். ஊசியிலை மரத்தை முட்டாக விரும்பியதற்குக் காரணம் உண்டு. அது சட்டென்று முறியாது. பாரம் ஏற ஏற முனகும், நார் நாராகப் பிளந்து சத்தமிடும். அந்தச் சத்தம் கேட்டு ஓடிப் பிழைத்தவர்கள் ஏராளம். முட்டு நிறுத்தும் நேரத்தில் கரி வெட்ட முடியாது என்பதுதான் சிக்கல். வண்டி விலை குறைந்தால் முட்டுகளுக்கு இடையே தூரம் கூடும். பாறை விழுந்தபின் விசாரணையில் 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதுவார்கள். விலையைக் குறைத்தவர் பெயர் அதில் வராது.

1914-இல் போர். நம் ஆள் போர்முனைக்குப் போகிறார். கரி இல்லாமல் பீரங்கி செய்ய முடியாது என்று தெரிந்ததும் வெட்டுக்காரர்களைத் திரும்ப அழைத்தார்கள். கூடுதல் ஷிப்டுகள், பக்கத்தில் போர்க் கைதிகள், 1916-17 குளிர்காலத்தில் உருளைக்கிழங்குக்குப் பதில் டர்னிப் கிழங்கு.

பேரரசர் ஓடியபின், 1919 ஏப்ரல் வேலைநிறுத்தத்தில் ஆறு மணி நேரம் கேட்டார்கள். ஏறி இறங்கும் நேரம் உட்பட ஏழு மணி நேரம் கிடைத்தது. முப்பது ஆண்டுப் போராட்டம் வென்ற நாள் அது. அடுத்த ஆண்டு மார்ச்சில் குடியரசைக் கவிழ்க்க வலதுசாரிகள் நடத்திய காப் கலகத்தை எதிர்த்துத் துப்பாக்கி எடுத்தவர்களில் சுரங்கத் தொழிலாளர் ஏராளம். அவர்களை ராணுவமும் கூலிப்படைகளும் நசுக்கின. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1923-இல் பிரெஞ்சு, பெல்ஜியப் படைகள் ரூரைப் பிடித்தன. பணம் காகிதமானது. தொழிற்சங்கப் பெட்டி காலியான அந்த ஆண்டு இறுதியிலேயே ஷிப்ட் எட்டு மணி நேரத்துக்கு ஏறிவிட்டது.

அப்புறம் வந்தது காற்றழுத்தச் சுத்தியல். போருக்கு முன் ஏறக்குறைய எல்லாக் கரியும் கையாலும் வெடிமருந்தாலும் எடுத்தது. 1929-இல் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் இயந்திரத்தால். முழங்கை மூட்டு தேயும், நுண்தூள் நுரையீரலில் படியும். இரண்டையும் தொழில்நோய்ப் பட்டியலில் சேர்த்தது அதே 1929-இல். இன்னொரு விளைவும் உண்டு. சுத்தியலும், கரியை இழுத்துச் செல்லும் அதிர்தொட்டியும் சத்தமிடும்போது முட்டின் முனகல் காதில் விழாது.

1922-இல் 5 லட்சத்தைத் தாண்டியிருந்த ரூர்ச் சுரங்கத் தொழிலாளர் எண்ணிக்கை 1932-இல் சுமார் 2 லட்சம். உற்பத்தி 1929-இல் 12 கோடி டன்னுக்கு மேல், 1932-இல் சுமார் 7.3 கோடி. வேலையில் இருந்தவர்க்கும் கூலியில்லாத 'ஓய்வு ஷிப்டுகள்'. வேலை இழந்தவர்க்கு 1927 சட்டப்படி 26 வாரம் காப்பீட்டு உதவி. 1932 ஜூனில் அப்போதைய பிரதமர் பாப்பனின் அரசு அதை வெட்டியது: ஆறு வாரத்துக்குப் பிறகு வீட்டு வறுமையைச் சோதித்தே பணம். வீடும் பெரும்பாலும் கம்பெனி வீடு. பெண்களும் பிள்ளைகளும் கழிவுக் குன்றில் கரித்துண்டு பொறுக்கினார்கள். வீட்டுக்குப் பின்னால் கட்டியிருந்த ஆட்டுக்கு 'சுரங்கக்காரன் பசு' என்று பெயர்.

ரூர்க் கரி முதலாளிகளில் மூத்தவரான எமில் கிர்டோர்ஃப் 1927-லேயே நாஜிக் கட்சியில் சேர்ந்தவர். தொழிலாளர் அப்படிக் கூட்டமாக அந்தப் பக்கம் போகவில்லை. 1933 மார்ச்சில், மிரட்டலுக்கு நடுவே, தொழிலாளர் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்க நடந்த ஆலைக்குழுத் தேர்தலில்கூட நாஜிகளுக்கு ரூர்ச் சுரங்கங்களில் பெரும்பான்மை கிடைக்கவில்லை. மே 2 அன்று சங்க அலுவலகங்களைப் பிடித்தார்கள். டூய்ஸ்பர்க் சங்கக் கட்டடத்தில் நான்கு நிர்வாகிகளை அடித்தே கொன்றார்கள். சுரங்கத் தொழிலாளர் சங்கத் தலைவர் ஃபிரிட்ஸ் ஹூஸெமான் 1935 ஏப்ரலில் எஸ்டர்வெகன் வதைமுகாமில் சுடப்பட்டு இறந்தார்.

1934 சட்டம் முதலாளியைத் 'தலைவர்' ஆக்கியது, தொழிலாளியைப் 'பின்தொடர்பவர்' ஆக்கியது. 1935 முதல் ஒவ்வொருவரின் வேலை விவரமும் பதிவாகும் வேலைப் புத்தகம். வேலை கிடைத்தது, உண்மை. போருக்குக் கரி வேண்டியிருந்தது. ஆனால் வெட்டுமுகத்தில் ஷ்டைகர் சொல்லும் விலையை மறுக்க நினைத்தவனுக்குப் பின்னால் இப்போது சங்கம் இல்லை, ரகசியப் போலீஸ் இருந்தது. 1939 ஏப்ரலில் ஹிட்லரின் வலதுகையான கோரிங்கின் ஒரே ஆணையில் ஷிப்ட் 8 மணி 45 நிமிடம் ஆனது. வேலைநிறுத்தம் இல்லை, பேச்சுவார்த்தை இல்லை.

இளைஞர்கள் மறுபடி போர்முனைக்குப் போக, சோவியத் கைதிகளையும் உக்ரைனிலிருந்து பிடித்துவந்தவர்களையும் சிறைபிடித்த இத்தாலியச் சிப்பாய்களையும் இறக்கினார்கள். 1944-இல் ரூர்ச் சுரங்கங்களில் ஐந்தில் இரண்டு பேர் இப்படி வந்தவர்கள். ஐம்பது வயது வெட்டுக்காரர் இப்போது அவர்களுக்கு மேலாள். ரொட்டியை ஒளித்துக் கொடுத்தவர்களும் உண்டு, மண்வெட்டிப் பிடியால் அடித்தவர்களும் உண்டு. இரண்டையும் சொல்லத்தான் வேண்டும். பசியில் நிற்க முடியாதவர்கள், மொழி தெரியாதவர்கள், சில நாள் பயிற்சியோடு வெட்டுமுகத்தில் விடப்பட்டார்கள். மரம் முனகினால் ஓட வேண்டும் என்று பதினாறு வயதில் நம் ஆளுக்கு ஒருவர் சொல்லிக்கொடுத்திருந்தார். இவர்களுக்கு அதைச் சொல்ல ஷிப்டில் நேரம் ஒதுக்கவில்லை.