பிள்ளைத்தாச்சிக்கு நீர்க்கடுப்பு என்றால்

வணக்கம் நேயர்களே. கர்ப்ப காலத்தில் வருகிற சிறுநீர்த் தொற்றைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் நிலையத்தார் கொஞ்சம் தயங்கினார்கள், பலகார நேரத்தில் ஒலிபரப்பாகுமே என்று. சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். காரைக்குடிப் பக்கம் மகப்பேறு மருத்துவம் பார்க்கிற எனக்கு, வீடுகளில் இதை யாரும் வாய்விட்டுச் சொல்லாததுதான் பெரிய தொந்தரவு.

சொன்னாலும் என்ன நடக்கிறது? "எரியுது" என்று மருமகள் சொன்னால், "சூடு பிடிச்சிருக்கு" என்று மாமியார் முடிவு கட்டிவிடுகிறார். ஊறவைத்த வெந்தயம் வருகிறது, இளநீர் வருகிறது, நீர்மோர் வருகிறது. பங்குனி, சித்திரையில் நம் வெயிலுக்கு யாருக்கும் அப்படித்தான் தோன்றும். மோரையும் இளநீரையும் நான் குறை சொல்லவில்லை. எரிச்சல் கொஞ்சம் அடங்கும். கிருமி சாகாது. அதற்குள் நாலைந்து நாள் ஓடிவிடும்.

பெரும்பாலும் அந்தக் கிருமி ஈ-கோலை. நம் குடலிலேயே குடியிருப்பது. பெண்களுக்குச் சிறுநீர்க் குழாய் குட்டை, ஆசனவாயும் பக்கம். அதனால் அது சுலபமாக ஏறிவிடுகிறது. கர்ப்ப காலத்தில் புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாய்களைத் தளர்த்திவிடும். வளர்கிற கருப்பை அவற்றை அழுத்தும், வலது பக்கம் கூடுதலாக. சிறுநீர் தேங்குகிறது, தேங்கிய இடத்தில் கிருமி பெருகுகிறது.

தேங்குவதற்கு நாமும் உதவி செய்கிறோம். ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்வாசல் என்று நீளும் செட்டிநாட்டு வீட்டில் கழிப்பறை எங்கே இருக்கிறது? வளவைத் தாண்டி, இரண்டாங்கட்டைத் தாண்டி, கடைசியில். எட்டு மாத வயிற்றோடு ராத்திரி இருட்டில் யார் அவ்வளவு தூரம் நடப்பார்கள்? அடக்கிக்கொண்டு படுத்துவிடுகிறார்கள். ஜவுளிக் கடையில் நாள் முழுக்க நிற்கிற பெண்ணுக்கும், கண்டாங்கித் தறியில் உட்கார்ந்திருக்கிற பெண்ணுக்கும், மதுரைக்குப் பஸ்ஸில் போகிற பெண்ணுக்கும் இதே கதைதான். இறங்க முடியாதே என்று தண்ணீரே குடிக்காமல் ஏறுகிறவர்களும் உண்டு. பிரசவத்துக்கு மகளை அழைத்து வருகிற வீட்டார், தொட்டில் வாங்குவதற்கு முன்னால் படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு கழிப்பறைக்கு வழி பண்ணுங்கள்.

இதில் இன்னொரு சிக்கல், எரிச்சலே இல்லாமலும் தொற்று இருக்கலாம். நூறு கர்ப்பிணிகளை எடுத்துக்கொண்டால் 2 முதல் 10 பேருக்கு எந்தத் தொந்தரவும் இல்லாமல் சிறுநீரில் கிருமி இருக்கும். பழைய கணக்குகளில், சிகிச்சை பெறாதவர்களில் நான்கில் ஒருவர் வரைக்கும் அது சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கிறது. அண்மை ஆய்வுகளில் இது குறைவுதான். ஆனாலும் ஏறிவிட்டால் குளிர்க்காய்ச்சல், விலாவில் வலி, வாந்தி, சில சமயம் குறைமாதப் பிரசவம். குளிரும் காய்ச்சலும் விலா வலியும் சேர்ந்து வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

அதனால்தான் கர்ப்பம் பதிந்த புதிதில், அதாவது மூன்று, நான்கு மாதத்துக்குள், யூரின் கல்ச்சர் பார்க்கச் சொல்கிறோம். சாதாரண யூரின் டெஸ்ட் வேறு, கல்ச்சர் வேறு. கல்ச்சரில் கிருமியை வளர்த்துப் பார்ப்பார்கள். முடிவு வர இரண்டு நாள் ஆகும், எந்த மருந்து கேட்கும் என்பதும் தெரிந்துவிடும். லேப்பில் தருகிற டப்பாவில்தான் பிடிக்க வேண்டும். வீட்டு டானிக் பாட்டில் வேண்டாம், தயவுசெய்து! தண்ணீரால் கழுவிவிட்டு, முதலில் வருவதை விட்டு, நடுவில் வருவதைப் பிடியுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள்.

இப்போது ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ். செல்பேசி வீடியோக்களில் இந்தப் பெயர் நிறைய அடிபடுகிறது. உடம்பு ஆக்ஸிஜனை வைத்து வேலை செய்யும்போது சில துடுக்கான மூலக்கூறுகள் பிறக்கும். கல்யாண வீட்டுக் கோட்டை அடுப்பில் புகை வருகிற மாதிரி. அளவோடு இருந்தால் உடம்பே அதைச் சமாளித்துக்கொள்ளும். நஞ்சுக்கொடி ஓயாமல் வேலை செய்வதால் கர்ப்பத்தில் இது இயல்பாகவே கொஞ்சம் கூடும். தொற்று வந்தால் வெள்ளை அணுக்கள் கிருமியைக் கொல்ல இதே மூலக்கூறுகளைத்தான் ஆயுதமாக்குகின்றன. அது அளவு மீறினால் நம் செல்களின் கொழுப்புச் சவ்வையும் தாக்கும். தொற்றுள்ள கர்ப்பிணிகளின் ரத்தத்தில் இந்தச் சேதத்தின் அடையாளமான மலான்டைஆல்டிஹைடு கூடுதலாக இருந்ததைச் சில ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

உடனே ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை வாங்க ஓடாதீர்கள். கர்ப்பகால ரத்தக்கொதிப்பைத் தடுக்கலாம் என்ற நம்பிக்கையில் வைட்டமின் சி 1000 மில்லிகிராம், வைட்டமின் ஈ 400 அலகு என்று தினமும் கொடுத்துப் பெரிய ஆய்வுகள் செய்தார்கள். தடுக்கவில்லை. 2006-இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், அந்த மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு எடை குறைந்த குழந்தைகள் கூடுதலாகப் பிறந்தன. உலக சுகாதார நிறுவனமும் இதற்காக அவற்றைப் பரிந்துரைப்பதில்லை. கொய்யா, நெல்லிக்காய், முருங்கைக்கீரை, பச்சைப்பயறு சாப்பிடுங்கள், நல்லது. தொற்றால் மூண்ட அழற்சியை அடக்க வேண்டுமென்றால் தொற்றைத் தீர்த்தாக வேண்டும்.

அதற்கு ஆன்டிபயாட்டிக்தான் வழி. பெரும்பாலும் ஏழு நாள். "புள்ளைக்கு ஆகாது" என்று இரண்டாம் நாளே நிறுத்திவிடுகிறார்கள். கர்ப்பத்தில் கொடுக்கக்கூடிய மருந்துகள் இருக்கின்றன. எந்த மாதத்துக்கு எது என்று பார்த்துத்தான் கொடுப்போம். சிப்ரோஃப்ளாக்ஸசின் மாதிரியானவற்றைப் பொதுவாகத் தவிர்ப்போம். அதனால் மருந்துக் கடையில் "எரிச்சலுக்கு ஏதாவது குடுங்க" என்று கேட்பதும், கொழுந்தன் மனைவியின் பழைய அட்டையிலிருந்து இரண்டு விழுங்குவதும் வேண்டாம். சிறுநெருஞ்சிக் கஷாயத்தையும் பிள்ளைத்தாச்சிக்குத் தானாகக் கொடுக்காதீர்கள். மருந்து முடிந்ததும் இன்னொரு முறை கல்ச்சர் பார்க்கச் சொல்வோம், அதற்கும் வாருங்கள். சர்க்கரை இருப்பவர்களும் முன்பே இந்தத் தொற்று வந்தவர்களும் முதல் நாளே மருத்துவரிடம் அதைச் சொல்லிவிடுங்கள்.

ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கு இலவசப் பரிசோதனை உண்டு. சந்தேகம் கேட்க 104 எண் இருக்கிறது. மருத்துவமனைக்குப் போகும்போது, கேட்கக் கூச்சமாக இருந்தால் ஒரு தாளில் "யூரின் கல்ச்சர்" என்று எழுதி நீட்டுங்கள், போதும். வணக்கம்.