பிள்ளையைக் கேட்டீர்களா?

நடுவர் அவர்களுக்கும், இரண்டு அணி நண்பர்களுக்கும், பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்கும் பெற்றோருக்கும் வணக்கம். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளின் வீட்டுப்பாடம் பெற்றோருக்குத் துணையா, தொல்லையா? தொல்லை என்று பேச வந்திருக்கிறேன்.

நிறைய குறிப்பு எழுதிக் கொண்டுவந்தேன். ஆனால் எனக்கு முன்னால் பேசிய எதிரணி அம்மா ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். "பிள்ளையோடு அரை மணி நேரம் உட்காரச் சோம்பல்படுகிறவர்களுக்குத்தான் வீட்டுப்பாடம் தொல்லை. பாவம், சீரியல் பார்க்கிற நேரம் கெட்டுப்போகிறது!" என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். சரி, சீரியலுக்கு அப்புறம் வருகிறேன். முதலில், எனக்குத் தெரிந்த ஒரு அம்மாவின் வீட்டில் நடந்ததைக் கேளுங்கள்.

பையன் மூன்றாம் வகுப்பு. ராத்திரி ஒன்பது மணி. பையன் தூங்கிவிட்டான். அம்மா அடுப்படி வேலையை முடித்துவிட்டு ஃபோனை எடுக்கிறார். வகுப்புப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வி: "இன்றைக்குக் கணக்கு ஹோம்வொர்க் எந்தப் பக்கம்?" ஒருவர் 42 என்கிறார். இன்னொருவர் 24 என்கிறார். மூன்றாமவர், "சண்டை வேண்டாம், இதோ படம்" என்று புத்தகத்தைப் படம் எடுத்துப் போடுகிறார். எல்லோரும் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறார்கள். பக்க எண் இருக்க வேண்டிய இடத்தில் அவருடைய கட்டைவிரல்!

குழு இரண்டாகப் பிரிந்துவிட்டது. 24 ஏற்கெனவே முடித்த பாடம், அதனால் 42தான் என்று ஒரு அப்பா. முடித்த பாடத்தைத்தானே திருப்பிப் பார்க்கச் சொல்வார்கள், அதனால் 24தான் என்று இன்னொரு அம்மா. நடுவில் ஒருவர் பூப்படம் போட்டு "இனிய இரவு" சொல்லிவிட்டுப் போகிறார். ஒருவர் எதையோ போட்டு அழிக்கிறார். உடனே பத்துப் பேர், "என்ன போட்டீங்க? ஏன் அழிச்சீங்க?" இப்படியே மணி பத்தரை ஆகிவிட்டது.

அந்த அம்மா ஒரு முடிவுக்கு வந்தார். எதற்கு வம்பு, இரண்டு பக்கத்தையும் போட்டுவிடலாம். பையனை எழுப்பினார். கண் திறக்கவில்லை, பென்சிலை மட்டும் கையில் பிடித்துக்கொண்டான். 24-ஆம் பக்கத்தை முடித்தான். அம்மா 42-ஆம் பக்கத்தைத் திருப்பினார். பிள்ளை அப்போதுதான் வாய் திறந்தான்: "அம்மா, இன்னைக்குக் கணக்கு மிஸ் வரவே இல்லை."

சிரித்துவிட்டீர்கள். இன்னும் முடியவில்லை. அந்த அம்மா குழுவில் போய், "மிஸ் இன்று வரவில்லையாம், ஹோம்வொர்க்கே இல்லையாம்" என்று போட்டார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் ஒருவர் கேட்டாரே ஒரு கேள்வி: "அப்போ நாளைக்குச் சேர்த்துக் கொடுப்பாங்களா?"

நடுவர் அவர்களே, அந்தக் குழுவில் இருந்தவர்கள் யாரும் விவரம் தெரியாதவர்கள் இல்லை. ஊரார் பணத்துக்குக் கணக்கு எழுதுகிறவர் இருந்தார், கட்டடம் கட்டுகிறவர் இருந்தார், கல்லூரியில் பாடம் நடத்துகிறவரும் இருந்தார். ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். "பிள்ளையைக் கேட்டீர்களா?" என்று அதில் ஒருவருக்காவது தோன்றியதா? வீட்டுப்பாடம் பிள்ளையுடையது என்றால் முதலில் பிள்ளையைத்தானே கேட்டிருப்போம்? அது நம்முடையது என்று நமக்கே மனதில் பதிந்துபோய்விட்டது. அதனால்தான் கேட்கவில்லை.

இப்போது சீரியலுக்கு வருகிறேன். அந்த அம்மா ராத்திரி பத்தரை மணிக்குச் சீரியலா பார்த்துக்கொண்டிருந்தார்? அவரா சோம்பேறி? அம்மா, உங்கள் மீது எனக்கு மரியாதை உண்டு, அந்த வார்த்தையை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

அரை மணி நேரம் என்றார். எந்த வீட்டில் அரை மணி நேரத்தில் முடிகிறது? உட்கார்ந்ததும் பென்சிலைக் காணோம். கிடைத்தால் முனை இல்லை. சீவினால் உடைகிறது. எழுதினால் எழுத்து கோட்டுக்கு வெளியே போகிறது. "அழிச்சிட்டு எழுது." அழிக்கிறான். மறுபடி கோணல். மறுபடி அழிக்கிறான். தாள் கிழிந்துவிடுகிறது. இப்போது முழுப் பக்கத்தையும் புதிதாக எழுத வேண்டும். இதிலேயே முக்கால் மணி நேரம் போய்விட்டது, இன்னும் தமிழ் நோட்டுதான் திறந்திருக்கிறது!

அப்புறம் கணக்கு. 52-இல் 27 போனால் எத்தனை? அப்பா தனக்குத் தெரிந்தபடி, "இரண்டில் ஏழு போகாது, பக்கத்தில் கடன் வாங்கு" என்கிறார். பிள்ளை, "மிஸ் அப்படிச் சொல்லித் தரலை, ஒரு பத்துக் கட்டைப் பிரிக்கணும்" என்கிறது. அப்பாவுக்குக் கட்டும் புரியவில்லை, பிரிப்பதும் புரியவில்லை. அவர் சொல்வதும் சரி, மிஸ் சொன்னதும் சரி, இரண்டு பேருக்கும் விடை 25தான். நடுவில் மாட்டிக்கொண்ட பிள்ளைதான் அழுகிறது. அப்பா குரலை உயர்த்துகிறார். இதை நான் ஒரு வீட்டில் மட்டும் பார்க்கவில்லை.

எதிரணித் தலைவர், "வீட்டுப்பாடம் வேண்டாம் என்று உலகத்தில் எந்த நாடாவது சொல்லியிருக்கிறதா?" என்று கேட்டார். சொல்லியிருக்கிறது ஐயா. பிரான்ஸில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுத்து வீட்டுப்பாடம் கூடாது என்று 1956-லேயே அரசு சுற்றறிக்கை விட்டது. போலந்து 2024 ஏப்ரலில் முதல் மூன்று வகுப்புகளுக்கு அதை நிறுத்தியது. அவ்வளவு தூரம் ஏன்? சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் 1, 2-ஆம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கொடுக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018 மே மாதம் உத்தரவிட்டது. 2020-இல் மத்திய அரசு கொண்டுவந்த பள்ளிப் பை கொள்கையும் இரண்டாம் வகுப்பு வரை வேண்டாம் என்கிறது. மூன்று முதல் ஐந்து வரை அதிகபட்சம் 2 மணி நேரம், அதுவும் நாளுக்கு அல்ல, வாரத்துக்கு! இங்கே பிள்ளையோடு வந்திருக்கிற பெற்றோரைக் கேட்கிறேன், உங்கள் வீட்டில் அந்த இரண்டு மணி நேரம் எந்தக் கிழமையோடு தீர்ந்துபோகிறது?

படிப்புக்கு உதவுகிறதே என்பார்கள். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஹாரிஸ் கூப்பர் என்கிற ஆய்வாளர், அந்த நாட்டில் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2006-இல் முடிவை வெளியிட்டார். பெரிய வகுப்புகளில் வீட்டுப்பாடத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் நல்ல தொடர்பு தெரிந்தது. சின்ன வகுப்புகளில் அது மிகவும் பலவீனமாக இருந்தது. வீட்டுப்பாடமே கூடாது என்று அவர் சொல்லவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் சின்னப் பிள்ளைக்குக் கொஞ்சமாகக் கொடுங்கள் என்பதுதான் அவர் பேச்சு.

வீட்டுப்பாடம் வேண்டும் என்று பள்ளியில் போய்க் கேட்கிற பெற்றோரும் இருக்கிறார்கள். அவர்கள் மீது எனக்குக் கோபமே இல்லை. பிள்ளை என்ன படிக்கிறான் என்று தெரிந்துகொள்ள அவர்களுக்கு வேறு வழி இல்லை. பிள்ளை பின்தங்கிவிடுவானோ என்கிற பயம் வேறு. அதற்கு, இன்று இதை நடத்தினோம் என்று டைரியில் ஒரு வரி எழுதி அனுப்பினால் போதாதா? அதோடு, வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆளே இல்லாத பிள்ளையை நினைத்துப் பாருங்கள். அப்பா அம்மா இரண்டு பேருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. அந்தப் பிள்ளை மறுநாள் வெறும் நோட்டோடு வகுப்பில் எழுந்து நிற்கிறது. அது செய்த தப்பு என்ன?

கடைசியாக ஒன்று சொல்கிறேன் நடுவர் அவர்களே. ஷிஃப்ட் வேலை பார்க்கிற ஒரு அப்பா என்னிடம் சொன்னது. அவருக்கு ஒரே மகள், நான்காம் வகுப்பு. அவர் வேலை முடிந்து வரும்போது அவள் தூங்குவதற்கு ஒரு மணி நேரம்தான் இருக்கும். முன்பெல்லாம் தெருமுனையில் வண்டிச் சத்தம் கேட்டாலே வாசலுக்கு ஓடி வருவாளாம். ஒரு வார்த்தை கேட்கவிடாமல் அன்றைக்கு நடந்ததையெல்லாம் கொட்டுவாளாம். யார் யாரோடு சண்டை, யாருக்குப் பல் விழுந்தது, எல்லாம். மதிப்பெண் குறைந்ததும் அந்த ஒரு மணி நேரம் வாய்ப்பாட்டுக்குப் போனது. அதட்டல், கண்ணீர், சில நாள் அடியும். "இப்போ வண்டிச் சத்தம் கேட்டா அவ வாசலுக்கு வர்றதில்லைங்க. உள்ளே போய் பையை எடுத்துட்டு வந்து உட்கார்ந்துக்கிறா. என்னைப் பார்த்தா அவளுக்குப் பயமா இருக்கு" என்றார். சொல்லும்போதே அழுதுவிட்டார்.

ஐயா, அந்த மனிதர் சோம்பேறி இல்லை. மகளோடு உட்காராதவரும் இல்லை. உட்கார்ந்தார், தினமும் உட்கார்ந்தார். கிடைத்த ஒரு மணி நேரத்தையும் அந்த நோட்டுக்குத்தான் கொடுத்தார். அவருக்கு மகளை யார் திருப்பிக் கொடுப்பது? வாய்ப்பாடு ஐந்தாம் வகுப்பிலும் வரும், ஆறாம் வகுப்பிலும் வரும். ஒன்பது வயது மகள் மறுபடி வருவாளா?

எதிரணி நண்பர்களே, இன்று ராத்திரி நீங்களும் வீட்டுக்குப் போவீர்கள், உங்கள் பிள்ளையும் விழித்திருக்கும். பையைத் திறக்காதீர்கள். இன்று என்ன நடந்தது என்று கேளுங்கள், அவன் சொல்லி முடிக்கிற வரை உட்கார்ந்து கேளுங்கள்.

நடுவர் அவர்களே, தொல்லை என்றே தீர்ப்புச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.