இலவசம் என்றாலும் ஏன் வருவதில்லை?

"அமெரிக்காவில் குடியேறிய ஆப்பிரிக்கர்களுக்குத் தடுப்பூசியும் புற்றுநோய்ப் பரிசோதனையும் இலவசமாகக் கிடைத்தும் பலர் வருவதில்லையாமே, மத நம்பிக்கையும் படிப்பறிவின்மையும்தானே காரணம்?" என்று நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார். ஆப்பிரிக்கா ஒரே நாடு அல்ல என்பதால், மினசோட்டா மாநிலத்தின் மினியாபொலிஸ் நகரில் வாழும் சோமாலியரை மட்டும் வைத்துப் பதில் சொல்கிறேன்.

அறியாமைதான் காரணம் என்றால், வந்த புதிதில் தடுப்பூசி போட்டுக்கொண்டோர் குறைவாகவும், ஆண்டுகள் செல்லச் செல்ல அதிகமாகவும் இருந்திருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. மினசோட்டாவில் தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா ஆகிய மூன்றுக்குமான எம்.எம்.ஆர். தடுப்பூசி பெற்ற சோமாலியக் குழந்தைகள் 2004-ஆம் ஆண்டுக் கணக்கில் 92 விழுக்காடு, 2014-ஆம் ஆண்டுக் கணக்கில் 42 விழுக்காடு. இடையில், 2008 வாக்கில், தங்கள் பிள்ளைகள் பலருக்கு ஆட்டிசம் இருப்பதைக் கண்ட பெற்றோர் காரணம் கேட்டனர். மருத்துவர்களிடம் உறுதியான விடை இல்லை. தடுப்பூசி எதிர்ப்பாளர்களிடமோ தவறான விடையொன்று தயாராக இருந்தது. ஆட்டிசத்தைத் தடுப்பூசியோடு முடிச்சுப்போட்டு பிரிட்டன் மருத்துவர் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் 1998-இல் எழுதிய கட்டுரையை லான்செட் மருத்துவ இதழ் 2010-இல் திரும்பப் பெற்ற பின்னரும், அவரே அந்நகருக்கு வந்து அந்தப் பெற்றோரைச் சந்தித்தார். 2017-இல் தட்டம்மை பரவி 70-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டபோது, அவர்களில் பெரும்பாலோர் சோமாலியக் குழந்தைகள். ஆக, இந்த அச்சம் ஊரிலிருந்து மூட்டை கட்டி வந்ததன்று, அமெரிக்காவில் பெற்றுக்கொண்டது.

கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையில் சிக்கல் வேறு. சோமாலியாவில் பிறந்த பெண்களில் ஏறத்தாழ அனைவருமே சிறுவயதில் பெண்ணுறுப்புச் சிதைப்புக்கு உள்ளானவர்கள். பலருக்குத் திறப்பைத் தைத்து ஒடுக்கியிருப்பார்கள். அதை முன்பின் பார்த்திராத மருத்துவர் வழக்கமான கருவியை எடுக்கும்போது, வலியோடு அவரது முகத்தில் தோன்றும் அதிர்ச்சியையும் அந்தப் பெண் தாங்க வேண்டியிருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் நேரில் இருந்தால் அவர் தெரிந்த குடும்பத்தவராக இருக்கக்கூடும், பேச்சு வெளியே போய்விடுமோ என்ற கவலை. தொலைபேசியில் என்றால், ஆடை களைந்து படுத்திருக்கும் அறைக்குள் முகம் தெரியாத ஓர் ஆணின் குரல் ஒலிக்கலாம். இந்நிலையில் "அடுத்த முறை வருகிறேன்" என்று எழுந்து போகும் பெண்ணை மதத்தின் பெயரால் மட்டும் விளக்கிவிட முடியுமா?

இலவசம் என்ற சொல்லையும் சற்றுக் கவனிக்க வேண்டும். 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி தடுப்புப் பரிசோதனைகளுக்குக் கட்டணம் இல்லை என்பது காப்பீடு உள்ளவர்களுக்குத்தான். நிரந்தரமாகக் குடியிருக்க அனுமதிக்கும் கிரீன் கார்டு பெற்றவர்களில் பெரும்பாலோரை அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டுக்கு ஐந்தாண்டு காத்திருக்க வைத்தது 1996-ஆம் ஆண்டுச் சட்டம். அகதிகளுக்கு அதில் விலக்கு இருந்தது. காப்பீடு கையில் இருந்தாலும், மணிக்கூலிக்கு இறைச்சி ஆலையில் நிற்பவருக்கு அரைநாள் பரிசோதனை என்பது அரைநாள் கூலி.

சோமாலி மொழியில் துண்டறிக்கை அச்சிட்டால் போதாதா என்றும் அதே நேயர் கேட்டிருக்கிறார். அம்மொழிக்கு லத்தீன் எழுத்து அதிகாரபூர்வமாக வந்ததே 1972-இல்தான். 1991-இல் அரசு சரிந்தபோது பள்ளிகளும் சேர்ந்து சரிந்தன. பேச்சிலும் கவிதையிலும் தேர்ந்த மூதாட்டி ஒருவருக்கு அந்தத் தாள் வெறும் தாளாகவே இருக்கக்கூடும். அதே செய்தியைச் சோமாலியப் பெண் செவிலியர் ஒருவர் பேசி அனுப்பும் ஒலிப்பதிவை அவர் தாமும் கேட்டு, பக்கத்து வீட்டுக்காரியையும் கேட்க வைப்பார்.